நாகப்பட்டினம்: ஒரு கடற்கரைச் சீமையும் அதன் எல்லைகளும்

காவிரி குடகு மலையில் பிறக்கிறது. நம் பெங்களூருக்குக் குடிதண்ணீர் தருகிறது. மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பல கைகளாகப் பிரிந்து, கடைசியில் கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரையுள்ள கடலோரத்தில் போய்ச் சேருகிறது. அந்தக் கடலோரத்தின் நடுநாயகமாக இருக்கும் ஊர் நாகப்பட்டினம். நாம் இங்கே குழாயைத் திறந்தால் வருகிற ஆற்றின் கடைசிச் சொட்டு அந்த மண்ணில்தான் விழுகிறது. ஆகவே அந்தச் சீமையின் கதையைப் பெங்களூரில் இருந்துகொண்டு பேசுவது பொருத்தமான காரியமே.

இந்தக் கட்டுரையில் நான் கோயில் வரலாறோ அரசர்களின் போர் வரலாறோ எழுதப் போவதில்லை. ‘இந்த ஊர் எந்த நாட்டில், எந்த வட்டத்தில், எந்த மாவட்டத்தில் இருந்தது? அந்தக் கோட்டைப் போட்டவர் யார், எதற்காகப் போட்டார்?’ என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுகள் நடந்து பார்க்கலாம் என்று எண்ணம். கேட்க வறட்சியான விஷயம் போலத் தோன்றும். ஆனால் ‘உங்க சொந்த ஊர் எது?’ என்று யாராவது கேட்டால் நம் பிள்ளைகள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதோடு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிலமும் நீரும்

முதலில் நில அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கே கொள்ளிடம் எல்லை. அதற்குத் தெற்கே காவிரி பூம்புகாரில் கடலில் கலக்கிறது. இன்னும் தெற்கே வந்தால் வீரசோழன், நண்டலாறு, அரசலாறு, திருமலைராயன் ஆறு, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு என்று காவிரியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக நிற்கின்றன. காரைக்காலுக்கு அரசலாறு, நாகூருக்கு வெட்டாறு, நாகப்பட்டினத்துக்குக் கடுவையாறு என்று ஊருக்கு ஒரு முகத்துவாரம். ஒவ்வொரு முகத்துவாரத்திலும் ஒரு துறை. கடைசியில் கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அங்கே வேதாரண்யத்து உப்பளங்களும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும்.

இது தட்டையான பூமி. மலை கிடையாது, குன்று கிடையாது. கோபுரம்தான் உயரம். நீர் மெதுவாக வந்து மெதுவாகவே வடியும். ‘கடைமடை’ என்று தஞ்சைச் சீமையில் சொல்லுவாங்க. வாய்க்காலின் கடைசி மடை. மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. மேலே வெள்ளம் வந்தால் கடைசி வரை தேங்கி நிற்பதும் கடைமடை. ஆகவே இந்த மண்ணுக்கு இரண்டு முகம் உண்டு. மேற்கு முகம் நெல்லைப் பார்க்கிறது. கிழக்கு முகம் கப்பலைப் பார்க்கிறது. எந்த அரசு வந்தாலும் இந்த இரண்டில் எதன் வருமானம் பெரிதென்று பார்த்துத்தான் தலைமையிடத்தை வைத்தது. இந்தக் கட்டுரையின் சாரமே இந்த ஒரு வரிதான். இனி வருவதெல்லாம் அதற்குச் சான்று.

துறைமுகம் என்றால் இயற்கையான ஆழத் துறைமுகம் என்று நினைக்க வேண்டாம். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகுகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அப்படியிருந்தும் இந்த ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலக வரைபடத்தில் இருந்தது. பின்னாலிருந்த நெல்லும், நெசவும், காவிரியின் படகு வழியும் அதற்குக் காரணம்.

கூற்றமும் வளநாடும்

சோழர் காலத்தில் நிர்வாகப் பிரிவு ஒரு படிக்கட்டு மாதிரி. அடியில் ஊர். பல ஊர் சேர்ந்தால் நாடு அல்லது கூற்றம். பல நாடுகள் சேர்ந்தால் வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். இதில் கூற்றமும் நாடும் பழையவை. பயிர் செய்கிறவர்கள் ஒரே ஏரி, ஒரே ஆறு என்று சேர்ந்து தாமாக உருவான வட்டாரங்கள். வளநாடு என்பதோ முதலாம் இராசராசன் மேலிருந்து ஏற்படுத்திய அமைப்பு. நிலத்தை அளந்து, வரியை ஒழுங்குபடுத்தி, தன் பட்டப்பெயர்களையே வளநாடுகளுக்குச் சூட்டினான். ஆறுகளையே எல்லையாக வைத்து அவை வகுக்கப்பட்டன.

நாகப்பட்டினம் அப்போது எங்கே இருந்தது? க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்தில். இதை நமக்குச் சொல்லுவது ஆனைமங்கலம் செப்பேடுகள். நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றும் பெயர் பெற்றவை. ஸ்ரீவிஜய நாட்டு அரசன் சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த புத்த விகாரத்துக்கு, இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய கி.பி. 1005-06இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தான். நிலம் 97 வேலிக்குச் சற்று அதிகம். வருமானம் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். பிற்காலத் தஞ்சைக் கணக்குப்படி ஒரு வேலி ஏறக்குறைய 6.67 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 650 ஏக்கர் ஆகிறது.

எல்லையை எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? ஒரு பெண்யானையை ஊர் எல்லை நெடுக நடக்கவிட்டார்கள். அதோடு பக்கத்து ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் நடந்தார்கள். இன்ன ஊருக்கு மேற்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே என்று எழுத்தில் பதிந்தார்கள். யானை நடந்த வழியை அக்கம்பக்கத்து ஊரெல்லாம் பார்த்திருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் எல்லாருமே சாட்சி. கணக்கு எழுதிப் பிழைக்கும் வியாபாரியான எனக்கு இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் வியப்புத்தான். காகிதத்தில் மட்டும் இருக்கிற எல்லைக்கும், பத்து ஊர் சனம் காலால் நடந்து பார்த்த எல்லைக்கும் எவ்வளவு வித்தியாசம்!

அந்த விகாரத்துக்கு இராசராசப் பெரும்பள்ளி என்றும் பெயர். ‘பள்ளி’ என்ற சொல் பௌத்தருக்கும் சமணருக்கும் பொதுவான வழிபாட்டிடப் பெயர். மன்னார்குடி மல்லிநாதர் கோயிலையும் தீபங்குடியையும் வணங்கி வளர்ந்த எங்களைப் போன்ற நயினார் வீட்டாருக்கு அது அந்நியமான சொல் ஆகாது. கடல் கடந்து வந்த ஒருவன் கட்டிய பள்ளிக்குச் சைவனான சோழன் ஊர் கொடுத்தான் என்றால், அதற்குப் பக்தி மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை. அந்நியக் கப்பல்களும் அவற்றோடு சுங்கமும் வர வேண்டும். வருகிறவனுக்குக் கும்பிட ஓர் இடம் வேண்டாமா? முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேட்டில் நாகப்பட்டினம் ‘சோழகுலவல்லிப் பட்டினம்’ என்று அழைக்கப்படுகிறது. அரசு சூட்டிய அந்தப் பெயர் போய்விட்டது. மக்கள் வாயிலிருந்த நாகப்பட்டினம் நிலைத்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

இது எங்கோ தஞ்சைக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்றைய தொம்மலூரின் பழைய பெயர் தோம்பலூர். அதற்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற மறுபெயர். அது இலைப்பாக்க நாட்டில் இருந்தது. இலைப்பாக்கம் என்பதே எலஹங்கா. கோலார்ப் பக்கமெல்லாம் நிகரிலிசோழ மண்டலம். அதே படிக்கட்டு, அதே முறை. மண்டலத்தின் பெயர் மறைந்தது. எலஹங்காவும் தொம்மலூரும் பஸ் பலகையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘தேசி’ என்பது வணிகக் கூட்டத்தாரைக் குறிக்கும் சொல். ஐஹொளெயைத் தாயகமாகக் கொண்ட ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு கர்நாடகத்திலிருந்து தமிழகம் வரை, அங்கிருந்து சுமத்திரா வரை கை நீட்டியிருந்தது. சுமத்திராவில் பாரூஸ் அருகே கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்கள் பெயரைச் சொல்கிறது. எல்லைக் கோடுகளைத் தாண்டி நடந்தவர்கள் வணிகர்கள்.

கடலின் அந்தப் பக்கம்

சுமத்திராவோடு நிற்காமல் இன்னும் வடகிழக்கே போனால் சீனம். நாகப்பட்டினத்தைப் போன்ற ஒரு கடற்கரைச் சீமை அங்கேயும் உண்டு. சோழர் தூதர்கள் கி.பி. 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சீன அரசவைக்குப் போனதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கி.பி. 1281இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப்பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லி, கடைசியில் ஒரு வரி சீன எழுத்தும் கொண்டது. குப்ளாய் கான் ஆட்சிக்காலம் அது.

சீனத்திலிருந்து இங்கே வந்ததற்கும் சான்று உண்டு. வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில், சமவெளியில் நின்ற ஒரு செங்கல் கோபுரத்தைச் சொல்கிறார். அதில் சீன எழுத்தில் கி.பி. 1267க்குச் சமமான ஆண்டு பொறிக்கப்பட்டிருந்ததாம். அது நாகப்பட்டினத்துக் கோபுரம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஐரோப்பியர் ‘சீனப் பகோடா’ என்றும், ஊர்க்காரர்கள் ‘புதுவெளிக் கோபுரம்’ என்றும் சொன்ன அந்தக் கட்டடம் சிதைந்த நிலையில் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1846இல் வால்ட்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலை மிச்சம் இருந்தது. கடலில் வருகிற மாலுமிக்கு அதுவே அடையாளம். 1867இல் அரசு அனுமதியோடு இடிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் 1856 முதல் பூமியிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சுமார் 350.

சுவான்சௌ நகரம் நெடுங்காலம் ஜின்ஜியாங் என்ற ‘சியன்’ எல்லைக்குள் இருந்தது. சியன் என்றால் நம் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜின் என்பது ஆற்றின் பெயர். கி.பி. 718இல் ஏற்பட்ட அந்தப் பிரிவு, அரச வம்சங்கள் பல கவிழ்ந்தும், மன்னராட்சி போய்க் குடியரசு வந்தும், அதன் பின் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தும் பெயர் மாறவில்லை. 1951இல் சுவான்சௌ நகரம் தனியாகப் பிரிந்தது. 1992இல் ஜின்ஜியாங்கும் நகரமாகத் தரம் உயர்ந்தது. ஆற்றின் பெயர் அப்படியே இருக்கிறது. சீனத்தில் மேலேயுள்ள மாகாண எல்லைகள் எத்தனையோ முறை மாறியிருக்கின்றன. ஆனால் அடியிலுள்ள சியன் அசையாமல் நின்றது. வரி வாங்குகிற அதிகாரி மாறினாலும் வரி கொடுக்கிறவனின் ஊர்ப்பெயரை மாற்றாமல் விட்டார்கள். நம் பட்டினக் கூற்றத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே கரையில் நான்கு கொடிகள்

சோழருக்குப் பின் பாண்டியர், விஜயநகரத்தார், தஞ்சை நாயக்கர், 1676 முதல் மராட்டியர் என்று ஆட்சி மாறியது. உள்நாட்டில் நெல் வருமானம் தஞ்சை அரண்மனைக்குப் போயிற்று. கடலோரத்தை மட்டும் துண்டு துண்டாக வெளியார் வாங்கத் தொடங்கினார்கள்.

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் குடியேறினார்கள். 1658இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினார்கள். நாயக்கரிடமும் பிறகு மராட்டிய மன்னர் ஏகோஜியிடமும் ஒப்பந்தம் செய்து புத்தூர், மஞ்சக்கொல்லை, அந்தணப்பேட்டை முதலான சுற்றுப்பட்டு ஊர்களையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். 1690இல் பழவேற்காட்டிலிருந்த தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தையே நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். துணி ஏற்றுமதிதான் நோக்கம்.

அதற்கு வடக்கே தரங்கம்பாடி. 1620இல் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர் கோட்டை கட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே காரைக்கால். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. ஆக 18ஆம் நூற்றாண்டில் ஒரு மீனவர் தரங்கம்பாடியில் கட்டுமரம் தள்ளி நாகப்பட்டினத்தில் கரையேறினால், டென்மார்க், பிரான்சு, நெதர்லாந்து என்று மூன்று ஐரோப்பிய நாடுகளைத் தாண்டி வந்திருப்பார். இடைப்பட்ட ஊர்களில் தஞ்சை மராட்டியரின் கொடி. அவருக்கு என்னவோ அதே கடல், அதே வாடைக்காற்று.

1770களில் நாகூரையும் அதைச் சேர்ந்த கிராமங்களையும் ஆங்கிலேயக் கம்பெனி பெற்றது. 1781இல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தது. 1784 உடன்படிக்கையில் அது உறுதியாயிற்று. 1799இல் இரண்டாம் சரபோஜி தஞ்சைக் கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டைக் கம்பெனிக்கு விட்டார். அன்று பிறந்ததுதான் ‘தஞ்சாவூர் ஜில்லா’.

கலெக்டர் கச்சேரி நகர்ந்த கதை

இங்கே ஒரு வேடிக்கை. ஜில்லாவுக்குப் பெயர் தஞ்சாவூர். ஆனால் கலெக்டர் உட்கார்ந்த இடம் 1799 முதல் 1845 வரை நாகப்பட்டினம்! தஞ்சையில் ராஜா இருந்தார். கம்பெனிக்கோ கப்பல் வந்து போகிற ஊர் தேவை. 1845இல் டேனிஷ்காரரிடமிருந்து தரங்கம்பாடியைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். வாங்கின கையோடு கச்சேரி தரங்கம்பாடிக்குப் போயிற்று. 1855இல் தஞ்சை மராட்டிய வம்சத்தில் ஆண் வாரிசு இல்லாமல் போக, 1860களில் கச்சேரி உள்நாட்டுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் நகர்ந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டது. 1861-62இல் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இருப்புப்பாதை போட்டார்கள். கப்பலை எதிர்பார்த்துக் கடற்கரையிலேயே அதிகாரி குந்தியிருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது.

கச்சேரி போனால் மற்றதும் ஒவ்வொன்றாகப் போகும் என்பது உலக வழக்கம். 1844இல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்த தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்குப் போயிற்று. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை 1928இல் திருச்சி பொன்மலைக்குப் போயிற்று. பட்டறையோடு எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டினவோ! மிச்சமிருந்தது சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போன கப்பல். ரஜூலா கப்பலில் மலேயா போய் வந்த தாத்தா, பாட்டி இல்லாத டெல்டாத் தெரு குறைவு. 1926இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1973இல் விலகியது. அதன்பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே முடிவுக்கு வந்தது.

காரைக்கால் விஷயம் தனி. 1947இல் நாம் சுதந்தரம் பெற்றபோதும் அது பிரெஞ்சு நாடு. 1954 நவம்பர் 1இல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைந்தது. ஆனால் சுற்றிலும் இருந்த தஞ்சை ஜில்லாவோடு சேராமல் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் நிலைத்தது. 1739இல் போட்ட கோடு இன்னும் அழியவில்லை என்பதே இதன் பொருள். அங்கே இன்றைக்கும் ஊராட்சிக்குக் ‘கொம்யூன்’ என்றுதான் பெயர்; அது பிரெஞ்சுச் சொல்.

1991க்குப் பின்

1991 அக்டோபர் 18இல் தஞ்சை மாவட்டத்தைப் பிரித்து நாகப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு நாகை காயிதே மில்லத் மாவட்டம் உண்டாயிற்று. 146 ஆண்டுகள் கழித்துக் கலெக்டர் கடற்கரைக்குத் திரும்பினார். 1997இல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர் பெயர்களை எடுத்தபோது நாகப்பட்டினம் மாவட்டம் ஆயிற்று. அதே 1997 ஜனவரி 1இல் திருவாரூர் மாவட்டம் பிரிந்தது. மன்னார்குடி, நன்னிலம் முதலிய பகுதிகள் அங்கே போயின; வலங்கைமான் தஞ்சையிலிருந்து வந்து சேர்ந்தது.

மீதமிருந்த நாகை மாவட்டத்தின் படத்தைப் பார்த்தால் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வரும். வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை, குத்தாலம், தரங்கம்பாடி. தெற்கே நாகை, கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம். நடுவில் காரைக்கால். ஒரே மாவட்டம் இரண்டு துண்டு! மயிலாடுதுறைக்காரர் ஒரு மனு கொடுக்கத் தன் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் காரைக்கால் வழியாக வேறொரு பிரதேசத்துக்குள் புகுந்து வர வேண்டும்; இல்லையென்றால் திருவாரூர் வழியாகச் சுற்ற வேண்டும். தனி மாவட்டம் கேட்டு அவர்கள் நெடுங்காலம் குரல் கொடுத்ததில் என்ன தப்பு? 2020 மார்ச்சில் அறிவிப்பு வந்து, டிசம்பர் 28இல் மயிலாடுதுறை தமிழகத்தின் 38ஆவது மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. அதிலும் நாலு தாலுகா; நாகையிலும் நாலு தாலுகா.

கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தமிழகத்திலேயே பெரிய இழப்பு அங்கேதான். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் பிணங்களைத் தேடியபோது, முடிவெடுக்கிற அதிகாரி எண்பது கிலோமீட்டர் தள்ளித் தஞ்சையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து தென்னந்தோப்புகளை வாரிப் போட்டபோதும் அதே கேள்வி. கடல் வந்து அடிக்கிற இடத்தில் நிர்வாகம் இருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாகச் சுங்கத்துக்காகவும் துணிக்காகவும் இந்தக் கரையில் தலைமையிடம் வைத்தார்கள், எடுத்தார்கள். இந்தத் தலைமுறையில்தான் மனிதர்களுக்காக வைக்க வேண்டிய காரணம் கண்ணெதிரே தெரிந்தது.

2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் டெல்டாவுக்குப் புதிதாக ஓர் எல்லையை எழுதியது. அது வரிக்காக எழுதிய எல்லை இல்லை. நெல்வயல் நெல்வயலாக இருக்க எழுதியது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கைக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. நெல் முகமும் கப்பல் முகமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

நம் வீட்டுக் காகிதங்கள்

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நான் அவென்யூ ரோட்டில் காகித வியாபாரம் செய்பவன். பள்ளிப் படிப்போடு நின்றவன். அந்தத் தெருவின் பழைய புத்தகக் கடைகள்தான் எனக்குக் கல்லூரி. எங்கள் பூர்வீகம் மன்னார்குடி. என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன கிரயப் பத்திரத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்றிருக்கிறது. 1993இல் அங்கே பிறந்த தம்பி மகளின் பிறப்புச் சான்றில் நாகை மாவட்டம். 1998இல் பிறந்த அவள் தம்பிக்குத் திருவாரூர் மாவட்டம். வீடு ஒன்று, தெரு ஒன்று, கிணறுகூட ஒன்று. ஆனால் மாவட்டம் மூன்று. ஒரு அலுவலகத்தில் இந்த மூன்று காகிதத்தையும் நீட்டியபோது, ‘எது சார் உண்மை?’ என்று அங்கிருந்தவர் கேட்டார். மூன்றும் உண்மைதான் என்று விளங்க வைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? சீர்காழிக்காரர்களுக்குத் தஞ்சை, நாகை, மயிலாடுதுறை என்று மூன்று. கர்நாடகத்திலும் இப்படியே. 1986இல் பெங்களூர் மாவட்டம் நகரம், ஊரகம் என்று பிரிந்தது. 2007இல் ஊரகத்திலிருந்து ராமநகரமும், கோலாரிலிருந்து சிக்கபள்ளாபுரமும் பிரிந்தன. 2025இல் ராமநகரம் பெங்களூரு தெற்கு என்று பெயர் மாறியது. இங்கே பிறந்த நம் பேரப்பிள்ளைகளும் நாளைக்கு இதே குழப்பத்தில் நிற்பார்கள்.

நம் பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ‘தஞ்சாவூர் பக்கம்’ என்கிறார்கள். அதற்கடுத்த தலைமுறை ‘தமிழ்நாடு’ என்று முடித்துவிடும். அப்புறம் எப்போதாவது ஒரு நிலப் பத்திரத்தையோ, குலதெய்வக் கோயிலையோ, ஒரு மூதாதை பெயரையோ தேடி ஊருக்குப் போனால், எந்த அலுவலகத்தில் கேட்பது என்றே தெரியாது. மாவட்டப் பெயரை வைத்துத் தேடுகிறவன் தொலைந்து போவான். ஊர்ப்பெயரை வைத்துத் தேடுகிறவன் கண்டுபிடிப்பான்.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கிராமத்தின் பெயர், அதன் பழைய பெயர் தெரிந்தால் அது, பிர்க்கா, தாலுகா எழுதுங்கள். எந்த ஆற்றுப் பாசனம், எந்த வாய்க்கால், வடக்கே என்ன ஊர், கிழக்கே என்ன ஊர் என்று நாலு எல்லையும் எழுதுங்கள். அதன் கீழே மாவட்டம் இன்ன ஆண்டு வரை இது, அதற்குப் பின் இது என்று ஆண்டோடு எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்கிறபோது பக்கத்தில் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். ஆனைமங்கலத்து எல்லையில் நடந்த யானையோடு அக்கம்பக்கத்து ஊரெல்லாம் நடந்த மாதிரி, உங்கள் ஊர் எல்லையை உங்கள் பிள்ளைகள் மனத்தால் ஒருமுறை நடந்து வரட்டும்.

க்ஷத்திரியசிகாமணி வளநாடு போயிற்று. டச்சுக் கம்பெனி போயிற்று. தஞ்சாவூர் ஜில்லாவும் பல துண்டாயிற்று. கடுவையாறு இன்னும் அதே இடத்தில் கடலில் கலந்துகொண்டிருக்கிறது. கரையிலுள்ள ஊருக்கு நாகப்பட்டினம் என்றே பெயர். விலாசம் எழுதும்போது ஊரையும் ஆற்றையும் முதலில் எழுதுங்கள். மாவட்டத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.